லாடத்தைக் கழட்டப் போறியாக்கும்!

அந்தியூருக்குப் போயி குதிரை பிடிச்சிட்டு வந்துட்டியாம்ல மாப்ள! டீக்கடையில பேப்பரைக்கூட எவனும் கையில எடுக்கல, உன் குதிரைப் பேச்சுதான் ஓடுது. உங்க தாத்தா உழவு மாடு வாங்கப் போனா பல்லைப் பிடிச்சுப் பாப்பாரு, நடக்க விட்டுப் பாப்பாரு, வாலைத் தூக்கிப் பாப்பாரு. விக்கிறவன் 'நீங்க மாடே வாங்க வேண்டாம்யா, வீட்டுக்குப் போங்க'ன்னு கும்பிடுற வரைக்கும் விடமாட்டாரு. அவரு பேரன் நீ, ஆடித் திருவிழாவுக்கு அந்தியூர் குருநாதசாமியைக் கும்பிட்டுட்டு வாறேன்னு கிளம்பிப்போயி, லாரியில குதிரையோட வந்து இறங்கிருக்கே. சாமி வரம் குடுத்தா வாங்கிக்கிற வேண்டியதுதான், என்ன செய்யிறது.

தரகன் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடிச்சானா? பிடிச்சிருப்பான். எத்தனை விரலைப் பிடிச்சான், நீ எத்தனைக்குத் தலையை ஆட்டினேங்கிறத நான் கேக்கல. உங்க அப்பன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. காது ரெண்டும் உள்வாக்குல வளைஞ்சு நுனி ஒண்ணையொண்ணு தொடுதா, அப்ப மார்வாரின்னு சொல்லிருப்பான். காத்தியவாருக் குதிரைக்கும் அதே காதுதான், அது கிடக்கட்டும். நெத்திச் சுழி, கழுத்துச் சுழி, நெஞ்சுச் சுழின்னு விரல் வச்சு விரல் வச்சுக் காட்டிருப்பான். நீயும் எல்லாம் தெரிஞ்ச மனுசனாத் தலையை ஆட்டிக்கிட்டே பாத்திருப்பே. நான் ஒண்ணுதான் கேக்கேன். நாலு காலையும் ஒவ்வொண்ணாத் தூக்கிக் குளம்போட அடியைப் பாத்தியா? பாக்கல. ஊர்ல வந்து எறக்குன பிறகுதான் நாலு கால்லயும் லாடம் இருக்குங்கிறதே உனக்குத் தெரிஞ்சிருக்கு. அதுவும் சிமிண்டுத் தரையில 'டக்கு டக்கு'ன்னு சத்தம் கேட்டதனால.

போகட்டும். மாணிக்கவாசகர் காலத்துல பாண்டியனுக்கு வந்த குதிரையெல்லாம் ராத்திரியில நரியாகி, லாயத்துல நின்ன பழைய குதிரைகளையும் கடிச்சுப்போட்டு ஓடிருச்சு. உன்னுது விடிஞ்ச பிறகும் குதிரையாத்தான் நிக்குது. அந்த மட்டுக்கும் நீ பாண்டியனை விடக் கெட்டிக்காரன்.

இப்ப என்னன்னா, லாடத்தைக் கழட்டிட்டு வெறுங்கால்ல விடப் போறியாம். செல்போன்ல படம் பாத்தியாம். 2021-ல டோக்கியோ ஒலிம்பிக்ல ஸ்வீடன்காரர் பேடர் பிரெட்ரிக்சன், லாடம் இல்லாத குதிரையில ஏறித் தடை தாண்டி வெள்ளிப் பதக்கம் வாங்கினாரு, குழுப்போட்டியில தங்கமும் வாங்கினாங்கன்னு என் பேத்திகிட்டச் சொன்னியாம். நிசந்தான், அந்தக் குதிரை பேரு ஆல் இன். அவ எனக்கும் போட்டுக் காட்டினா. என்னமாத் தாண்டுது! ஆனா மாப்ள, அது தாண்டிக் குதிச்ச தரையைப் பாத்தியா? சலிச்ச மணல், அதுல நார் கலந்து, தண்ணி தெளிச்சு, சீவிச் சமப்படுத்தி வச்சிருக்கான். நம்ம பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டுற பூமி. நாலுவழிச் சாலையை விட்டுக் கீழ எறங்கினா சரளையும் ஜல்லியும்தான் சிரிக்கும். அந்தக் குதிரைக்கு வைத்தியர் ஒருத்தர், குளம்பு சீவுறவர் ஒருத்தர், தீவனம் பாக்குறவர் ஒருத்தர்னு ஆள் இருப்பாக. உன் குதிரைக்கு நீ இருக்கே. அதான் என் கவலை.

கழட்டக் கூடாதுன்னு நான் சொல்ல வரல. கழட்டலாம். நல்லதுங்கூட. ஆனா லாடத்தைக் கழட்டுறது அரைமணி நேரத்து வேலை. வெறுங்கால் குளம்பு உண்டாகுறது ஒரு வருசத்து வேலை. நீ அரைமணி வேலைக்குத்தான் ஆள் தேடிக்கிட்டு அலையிற.

மொதல்ல லாடத்தை எதுக்கு அடிச்சாங்கன்னு யோசி. குளம்புங்கிறது நம்ம நகத்துல இருக்கிற அதே பொருள்தான். தேயும், வளரும். தேயிறது வளர்றதை முந்திட்டா குதிரை நொண்டும். கல்ரோட்டுல, தார்ரோட்டுல தினமும் வண்டி இழுக்கிற குதிரைக்குத் தேய்மானம் முந்தும், அதுக்கு இரும்பு வச்சாங்க. நம்ம மாட்டுக்கு ரெண்டாப் பொளந்த குளம்பு, காலுக்கு ரெண்டு தகடுன்னு எட்டு அடிக்கணும். குதிரைக்கு ஒத்தைக் குளம்பு, நாலோட முடிஞ்சிச்சு. ஜட்காவும் பாரவண்டியும் ஓடுன காலத்துல அது தப்பே இல்ல. உன் குதிரைக்கு எந்த வண்டி? எந்தப் பாரம்? கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போயிக்கிட்டு இருந்த குதிரையா இருக்கும், தார்ரோட்டுல வெடிச்சத்தத்துக்கு நடுவுல ஆடப் பழக்கிருப்பான். லாடம் அங்க தேவைப்பட்டிருக்கும். வேப்பமரத்து நிழல்ல நின்னுக்கிட்டு ஒரு வேலையும் செய்யாததுக்கு எதுக்கு இரும்பு? உனக்கும் அதே கேள்வியைக் கேக்கலாம், உங்க அப்பன் கேப்பாரு, நான் எதுக்கு.

இந்தப் பாண்டிச் சீமைக்குக் குதிரைன்னாலே ஒரு ராசி உண்டு மாப்ள. எழுநூறு வருசத்துக்கு முந்தி மார்க்கோ போலோன்னு வெனிஸ் ஊர்க்காரன் ஒருத்தன் இங்கிட்டு வந்துட்டுப் போயி எழுதி வச்சிருக்கான். ஏடன்ல இருந்தும் ஓர்முஸ்ல இருந்தும் கப்பல் கப்பலாக் குதிரை வந்து எறங்குமாம். ராசா ஒரு வருசத்துக்கு ரெண்டாயிரத்துக்கும் மேல வாங்குவாராம். வருசம் திரும்பையில அதுல சொற்பந்தான் உசுரோட நிக்குமாம். ஏன்னு கேட்டா, இங்க குதிரையைப் பேணத் தெரிஞ்ச ஆள் கிடையாது. விக்க வர்ற யாவாரிகளும் லாடம் அடிக்கிறவனையோ வைத்தியம் பாக்குறவனையோ கூட்டியாற மாட்டான், தானா வர்றவனையும் வரவிடமாட்டான். செத்தாத்தானே அடுத்த வருசம் திரும்ப விக்கலாம்! சோத்தோட கறியை வேகவச்சுப் போட்டாங்கன்னும் எழுதியிருக்கான். வெளியூர் யாவாரி, உள்ளூர் பாசம், ரெண்டும் சேந்து அடிச்சதுல குதிரை என்ன பண்ணும். நீ கறிச்சோறு போடல, சரி. ஆனா கருப்பட்டி குடுக்கியாம்ல? அதுக்குப் பெறவு வாறேன்.

இப்ப எந்திரி, போயி காலைத் தூக்கிப் பாரு. முன்னங்காலை முழங்காலுக்கு இடையில வச்சுப் பிடி. பின்னங்காலைத் தூக்கையில இடுப்போட ஒட்டி நில்லு, பின்னால போயி நின்னு பல்லை விட்டுட்டு எங்கிட்ட வராத. குளம்புச் சுவத்துல குறுக்க வளையம் வளையமா ஓடுதா பாரு. அந்த வளையம் குதிகால் பக்கம் போகப்போக அகலமாச்சுன்னா, முன்னாடி எப்பவோ குளம்புக்குள்ள வீக்கம் கண்டு நொண்டியிருக்குன்னு அர்த்தம், தரகன் சொல்லாத சேதி அது. அடியில நட்டநடுவுல முக்கோணமா ரப்பர் பதத்துல ஒண்ணு இருக்கும். அது அகண்டு பருத்து இருந்தா நல்லது. சுருங்கிச் சூம்பி, குதிகால் ரெண்டும் ஒடுங்கி ஒண்ணையொண்ணு நெருக்கிக்கிட்டு இருந்தா, ரொம்ப காலமா இரும்பு மேலேயே நின்ன காலு. தரையைத் தொட்டு அமுங்கி அமுங்கித்தான் அந்த முக்கோணமும் அதுக்குள்ள இருக்கிற மெத்தையும் பருக்கும். லாடம் விளிம்பை மட்டும் தாங்கி மிச்சத்தைத் தூக்கி நிறுத்திருது. வேலை இல்லாத உறுப்பு சூம்பத்தானே செய்யும், நம்ம ஊரு எளவட்டங்களுக்குத் தெரியாததா.

யாரைக் கூப்பிடப் போறே? மாட்டுக்கு லாடம் கட்டுறவரையா? அவரு நல்ல வேலைக்காரருதான். ஆனா அவரு பழக்கம் கயித்தைப் போட்டு மாட்டைச் சாய்ச்சு நாலு காலையும் சேத்துக் கட்டிட்டு வேலை பாக்குறது. குதிரையைச் சாய்க்கப் போனா அவரு சாஞ்சிருவாரு. குதிரைக்கு லாடம் அடிச்சுப் பழகுன ஆள்தான் வேணும், மதுரைப் பக்கம் பந்தயக் குதிரை வச்சிருக்கிறவங்ககிட்டக் கேளு, சொல்லுவாங்க. வந்தவரு என்ன செய்யிறாருன்னு கூடநின்னு பாரு. ஆணியோட முனை குளம்புச் சுவத்துல வெளிய வந்து மடிச்சுவிட்டிருக்கும். அந்த மடிப்பை மொதல்ல அரத்தால தேச்சோ நிமித்தியோ விடணும். அப்புறந்தான் குறடு. குதிகால் பக்கமா நெம்பி, கொஞ்சங்கொஞ்சமா நுனிப்பக்கம் நகந்து, உள்வாக்கா இழுக்கணும். வெளிப்பக்கமாத் திருகி 'சரக்'குன்னு பிடுங்கினார்னா ஆணியோட குளம்புச் சுவரும் பேந்து வரும். ஆணி போன ஓட்டையைச் சுத்தி உடைஞ்சா, அது வளந்து கீழ எறங்குற வரைக்கும் விளிம்பு பிசுறு பிசுறா உதிரும்.

இன்னொண்ணு, நாலையும் ஒரே நாள்ல கழட்டணும்னு உனக்கு எவன் சொன்னது? குதிரையோட கனத்துல நூத்துக்கு அறுபது பங்கு முன்னங்கால்லதான் எறங்குது. மொதல்ல பின்னங்கால் ரெண்டையும் கழட்டு. அது எப்படி நடக்குதுன்னு ஒரு மாசம் பாரு. அப்புறம் முன்னங்கால். பின்னங்கால் இரும்பு போச்சுன்னா ஒதை விழுந்தாலும் உனக்கு அடி கொஞ்சம் கம்மி, அந்த லாபத்தையும் சேத்துக்கோ.

கழட்டுன கையோட அடியைச் சீவி 'பளிச்'னு ஆக்கிக் குடுக்கட்டுமான்னு கேப்பாரு. வேண்டாம்னு சொல்லிரு. அடிப்பாகம்தான் இனிமே அதுக்குச் செருப்பு. லாடத்துல நின்ன குதிரைக்கு அது ஏற்கனவே மெலிஞ்சுதான் கிடக்கும். நல்ல குளம்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கனம் வேணும், அதையும் சீவி எறிஞ்சா எலும்புக்கும் ஜல்லிக்கும் நடுவுல என்ன மிஞ்சும்? விளிம்பை மட்டும் அரத்தால உருட்டி விடச் சொல்லு. கூரா விட்டா கல்லுல பட்டுப் பேத்துக்கும். அப்புறம் நாலு அஞ்சு வாரத்துக்கு ஒருக்கா அரம் போட்டாகணும். லாடம் போனா செலவு போச்சுன்னு கணக்குப் போட்டியாக்கும்!

இப்ப வளர்ற கணக்குக்கு வா. குளம்பு மேல மயிர் முடியிற கோட்டுல இருந்து கீழ எறங்கி வளருது. மாசத்துக்கு ஆறுல இருந்து பத்து மில்லிமீட்டர். குதிகால் பக்கம் உசரம் கம்மி, நாலஞ்சு மாசத்துல புதுசு வந்துரும். முன்நுனிக்கு ஒம்பதுல இருந்து பன்னெண்டு மாசம். இந்த ஆடியில மயிர்க்கோட்டுல முளைச்சது, அடுத்த ஆடி நெருங்கையிலதான் தரையைத் தொடும். அதுவரைக்கும் உன் குதிரை பாதி பழைய கால்ல, பாதி புதுக் கால்ல நிக்குது. நீ என்னடான்னா வர்ற தைமாசம் உன் கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டு வாசல் வரைக்கும் குதிரையில வந்து எறங்குறேன்னு வாக்குக் குடுத்திருக்கியாம். தேசிங்குராசா கதையை முழுசாக் கேட்டியா, இல்ல குதிரை ஏறுற இடத்தோட எந்திரிச்சு வந்துட்டியா?

மொத வாரம் காலை ஊனி நடக்காது. வீட்டுல பொம்பளையாளுக பாத்து 'அய்யோ பாவம்'னு அழுவாங்க. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கங்குடி மாரியம்மனுக்கு நம்ம ஊர்ல இருந்து நடந்து போவாங்கள்ல, வருசம் முழுக்கச் செருப்புக்குள்ள கிடந்த பாதம் சாத்தூர் ரோட்டுக்கு வந்ததும் எப்படித் தேடித்தேடி ஓரத்து மண்ணுல மிதிக்கும்? அப்படித்தான் இதுவும் மிதிக்கும். ஆனா நீ வேண்டுதலைக்குப் போறே, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு நாள்ல முடிச்சிருவே. குதிரைக்கு வேண்டுதலை ஒண்ணும் கிடையாது. அது கூசுற எடத்துல கூட்டிப் போகாத. மொதல்ல தண்ணி வத்துன கண்மாய்க்குள்ள, வண்டல் மண்ணுல நடத்து. அப்புறம் உழுத கரிசல். கோடைக் கரிசல் வேண்டாம், வெடிப்புக்குள்ள காலு மாட்டும். அப்புறம் செம்மண் வண்டிப்பாதை. அதுல நல்லா நடந்தா சரளை. தார்ரோடு கடைசி. ஏறாத. கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நீயும் கூடவே நட. வேணும்னா நீயும் செருப்பைக் கழட்டிட்டு நட, வீட்டுக்குள்ளயே ரப்பர் செருப்பு போட்டு நடக்கிற ஆளு நீ, ரெண்டு பேருக்கும் ஒருசேரக் காலு உறைக்கட்டும்.

கூசுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பக்கவாட்டுல நின்னு நடையைப் பாரு. சுகமான குளம்பு குதிகாலையோ, முழு அடியையோ மொதல்ல தரையில வைக்கும். நுனியைக் குத்திக்குத்தி வச்சா குதிகால் வலிக்குதுன்னு அர்த்தம். மார்வாரிக்குப் பாலைவனத்துக் குளம்பு, இரும்பு உறுதின்னு தரகன் சொன்னான்னு இழுக்காத. உறுதியான இனந்தான், யாரு இல்லைன்னா. அந்த உறுதி பாலைவனத்து மண்ணுல நடந்து வந்தது. ஊர்வலத்து லாடத்துல நின்னதுக்குப் பரம்பரைப் பேரு மட்டுந்தான் மிச்சம்.

தொட்டிப்பக்கம் ஒரு வேலை செய்யலாம். தண்ணி குடிக்கிற எடத்தைச் சுத்தி ஒரு பாகம் அகலத்துக்கு உருண்டைக் கூழாங்கல்லாப் பரப்பு. குடிக்க வரையில எல்லாம் அதுமேல நிக்கும், குளம்படி தன்னால உரமேறும். இதை நான் சொல்லல, ரெண்டாயிரத்து முன்னூறு வருசத்துக்கும் முந்தி செனபோன்னு ஒரு கிரேக்கத்துப் படைத்தலைவன் எழுதியிருக்கான். லாயத்துக்கு வெளிய நாலஞ்சு வண்டி உருண்டைக் கல்லைக் கொட்டிப் பரப்பி அதுமேல குதிரையை நிறுத்துங்கன்னான். அவன் காலத்துல ஆணி அடிக்கிற லாடமே கிடையாது, தரைதான் கொல்லன். இதைக் கேட்டுட்டு டிராக்டரை எடுத்துக்கிட்டு ராத்திரியோட ராத்திரியாக் குண்டாத்துக்கு எறங்கிராத. திருச்சுழி தாசில்தார் வண்டியையும் தூக்குவாரு, ஒன்னையும் தூக்குவாரு. அப்புறம் லாடம் கட்டுறதை வேற எடத்துல வச்சுப் பாக்கலாம். கடையில காசு குடுத்து வாங்கு.

அமெரிக்காவுல லாடம் அடிச்சுக்கிட்டு இருந்த ஒருத்தர், ஜேமி ஜாக்சன்னு பேரு, 1982-ல இருந்து நாலு வருசம் அங்க காட்டுல திரியிற முஸ்டாங் குதிரைகளைப் பாத்துக்கிட்டே கிடந்தாரு. வறண்ட பூமி, கல்லுக்காடு. ஒரு குதிரைக்கும் லாடம் இல்ல, குளம்பு கல்லாட்டம் உறுதி. 1992-ல புத்தகமாப் போட்டாரு. இன்னைக்கு வெறுங்கால் பேச்சு பேசுற பாதிப்பேரு அவரு வழிதான். அதைப் படிச்சவன் எல்லாம் லாடத்தை மட்டும் கழட்டுறான். அந்தக் குதிரைக நாள் முழுக்க மைல் கணக்கா நடந்துச்சு, தண்ணிக்கு ஒரு எடம், புல்லுக்கு ஒரு எடம்னு. நம்ம ஆளு குதிரையை ரெண்டு முழக் கயித்துல வேப்பமரத்துல கட்டிப்போட்டுட்டு, குளம்பு ஏன் உறுதியாகலன்னு எங்கிட்டக் கேக்குறான். உன் புஞ்சை ஓரத்துல சுத்தி வேலி போட்டு, தண்ணித் தொட்டியை ஒரு மூலையிலயும் புல்லை எதிர் மூலையிலயும் வையி. ரெண்டுக்கும் நடுவுல அதுவே நடக்கட்டும். உனக்கும் வேலை மிச்சம், அந்தக் காரணத்துக்காகவாவது செய்வேன்னு நம்புறேன்.

தீவனத்துக்கு வாறேன்னு சொன்னேன்ல. காலு கெட்ட குதிரைக்குப் பாதி வியாதி வாயி வழியாத்தான் வந்திருக்கும். ஊரே ஒன்னு கூடிக் கொள்ளு குடு, கம்பு குடு, தவிட்டைப் பெசஞ்சு குடு, கருப்பட்டி குடுன்னு சொல்லும். குதிரைன்னா கொள்ளுன்னுதான் நம்ம ஆளுகளுக்குத் தெரியும். வேலை செய்யிற குதிரைக்குக் கொஞ்சம் கொள்ளு சரி. சும்மா நிக்கிறதுக்கு தானியமும் சீனியும் மேலுக்கு மேல போனா, அது பெருங்குடலுக்குள்ள எறங்கிப் புளிச்சு, விஷம் ரத்தத்துல ஏறி, குளம்புச் சுவரையும் உள்எலும்பையும் பிடிச்சு நிக்கிற இதழ் வீங்கிரும். வீங்குறதுக்கு உள்ள எடம் ஏது? சுத்தி இரும்பாட்டம் குளம்பு. முன்னங்கால் ரெண்டையும் முன்னால நீட்டிக்கிட்டு, கனத்தைப் பின்னால சாய்ச்சு நிக்கும். அப்ப எண்ணெய் தடவுறேன், பத்துப் போடுறேன்னு நிக்காத. அன்னைக்கே டாக்டர். முத்திப்போனா எலும்பு உள்ளுக்குள்ளயே திரும்பிக் கீழ எறங்கிரும், அதுக்கு மேல லாடமும் உதவாது, வெறுங்காலும் உதவாது.

அதனால புல்லைப் போடு. நானூறு கிலோக் குதிரைக்கு ஒரு நாளைக்கு எட்டுக் கிலோ காஞ்ச புல்லு. அருகம்புல் கெடைச்சா அதுக்கு மேல கிடையாது. சோளத்தட்டை இருக்கேன்னு அள்ளிப் போட்டுராத. இளஞ்சோளம் மாட்டையே சாய்க்கும்னு ஒனக்குத் தெரியும், குதிரைக்கு பச்சைச் சோளம் ஓயாமப் போட்டா நீர்ப்பை கெட்டுப் பின்னங்கால் தள்ளாடும். தவிட்டுலயும் கை அடக்கம் வேணும், அது கூடுனா எலும்புல இருக்கிற சுண்ணாம்புச் சத்தை உருவிரும். சீமைக்கருவேலங் காய் இனிக்குதுன்னு அதுவா பொறுக்கித் திங்கும், வேலிக்குள்ள விழாம பெருக்கிப் போடு. நெறையத் தின்னா குடல்ல அடைச்சு வயித்துவலி எடுத்துக்கும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது மாப்ள, உள்ள போனது போனதுதான்.

சீமைக்கருவேல்னதும் ஞாபகம் வந்துச்சு. மேனாட்டுக்காரங்க புத்தகத்துல இல்லாத ஒரு எதிரி நம்ம ஊர்ல உண்டு, அந்த முள்ளுதான். லாடம் இருந்தாலும் ஏறும், இல்லாட்டி இன்னும் சுளுவா ஏறும். ஒடிஞ்சு உள்ள நின்னுட்டா வெளிய ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரியும். மறுநாளோ மூணாம் நாளோ காலைத் தூக்கிக்கிட்டு நிக்கும், உள்ள சீழ் கோத்திருக்கும். தெனமும் ரெண்டு வேளை கொக்கியை வச்சுக் குளம்பைச் சுத்தம் பண்ணு, விரலை வச்சுத் தடவு. குளம்புக்கு மேல, கணுக்கால் பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் விரலை லேசா அழுத்திப் பழகு. நல்லாருக்கிற நாள்ல நாடி இருக்கோ இல்லையோன்னு இருக்கும். 'திம் திம்'னு அடிச்சு, குளம்பும் சுட்டுச்சுன்னா சமாச்சாரம் சரியில்ல, கால்நடை ஆம்புலன்சு நம்பரு 1962-க்குப் போன் போடு, இல்ல மாட்டாஸ்பத்திரிக்கு ஓடு. அதுக்கும் முந்தி, நாளைக்கே போயி ரணஜன்னித் தடுப்பூசி போட்டிருக்கான்னு கேட்டுப் போட்டுரு. ஆணி, முள்ளு, சாணி மூணும் சேந்த எடத்துல குதிரைக்கு ரணஜன்னி சட்டுன்னு வரும். வந்தா பொழைக்க வைக்கிறது பெரும்பாடு. தரகன்கிட்டக் கேட்டேன், போட்டாச்சுன்னான்னு சொல்லாத. அவன் மார்வாரின்னும்தான் சொன்னான்.

ஐப்பசி அடைமழையில கரிசல் களியா ஒட்டும். வெறுங்காலுக்கு மெத்து மெத்துன்னு நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்த முக்கோணத்துக்குப் பக்கத்துப் பள்ளத்துல ஈரமும் மூத்திரமும் தங்கி அழுகி, கறுப்பாக் கசிஞ்சு நாறும். கொட்டத்துத் தரையைச் சரிவாக்கி மூத்திரம் ஓடவிடு. நாத்தம் வந்தா கழுவித் தொடச்சு ஒணத்திட்டு, மயில்துத்தத்தைத் தண்ணியில லேசாக் கரைச்சு பஞ்சுல தொட்டு வையி. தெளிவா லேசான்னு சொல்லிருக்கேன். ஒரு வியாதிக்குக் கைநிறைய மருந்து வைக்கிறது உங்க வீட்டுப் பழக்கம்.

இம்புட்டும் செஞ்சும் அது சரளையில கூசிக்கிட்டே கிடந்தா? கிடக்கும், சில குதிரைக்கு அப்படித்தான். அதுக்கு ரப்பர் பூட்ஸ் விக்கிறாங்க, வெளிய போகையில மாட்டிட்டு வந்து கழட்டிரலாம். அதுவும் சரிவரலன்னா திரும்ப லாடத்தை அடி. வீம்புக்காக நொண்ட விடாத. செல்போன்ல சொன்னவன் வந்து பாக்கப் போறதில்ல. லாடம் அடிச்சவனெல்லாம் பாவி, கழட்டுனவனெல்லாம் புண்ணியவான்னு இப்ப ரெண்டு கட்சியா நின்னு சண்டை போட்டுக்கிறாங்களாம். ஓட்டு இல்லாதது குதிரைக்கு மட்டுந்தான்.

கழட்டுன லாடம் நாலையும் தூரப் போட்டுராத. எவனாவது வாசல்படிக்கு ராசின்னு கேப்பான், சனி புடிச்சவன் மோதிரத்துக்குக் கேப்பான். ஒண்ணு எனக்கு எடுத்து வையி, எனக்குச் சனி இல்ல, கதவு காத்துல ஆடாம இருக்க அண்டைக்கு வேணும்.

அப்புறம் அந்தத் தைமாசக் கல்யாணம். பொண்ணு வீட்டுல நானே பேசிக்கிறேன், குதிரைக்குக் காலு ஆகலன்னு சொன்னா அவங்க மாப்பிள்ளைக்குத்தான் ஏதோன்னு நெனைச்சுக்கப் போறாங்க, அதனால நீ வாயைத் தெறக்காத. கார் எடுத்துக்கோ. மத்தாப்பும் தவிலுமா தார்ரோட்டுல அதைக் கொண்டுபோயி நிறுத்த வேண்டாம். அன்னைக்கு அது வீட்டுலயே கெடக்கட்டும். ஆள் ஒருத்தரைக் காவலுக்கு வையி. முள்ளுக்காக இல்ல, பந்தியில மிஞ்சுன ஜிலேபியை எடுத்துக்கிட்டு உங்க சின்னத்தை கொட்டத்துப் பக்கம் போவா, அவளை உள்ள விடாம இருக்க.